இரண்டும் ஒரே வண்டிதான்

இரண்டு மாதம் இருக்கும். ஒரு கார் விற்பனையாளர் போனில் என்னிடம் அழாத குறையாகப் பேசினார்.

"சார்... இந்தக் கேள்விய இதோட நாலாவது தடவ கேக்குறீங்க சார்."

கேள்வி ஒன்றும் பெரிதில்லை. ஏழு பேர் உட்காரும் இரண்டு வண்டிகள். இரண்டு கம்பெனி, இரண்டு பெயர். எதை வாங்கலாம்? அவ்வளவுதான்.

அவருக்கு என் வயதே இருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டும் ஒரே ஃபேக்டரில இருந்துதான் சார் வருது. ஒரே எஞ்சின், ஒரே கியர். முன்னாடி கிரில்லும் பேரும்தான் வேற. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுத மட்டும் செய்கிறேன்.

இதைக் கேட்ட பிறகு புத்தியுள்ளவன் என்ன செய்வான்? காசைச் சுண்டிப் பார்த்து ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். நான் ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ஒரு வண்டி, வலப்பக்கம் ஒரு வண்டி. தண்ணீர் பாட்டில் வைக்க எத்தனை குழி? கதவைச் சாத்தினால் சத்தம் எப்படி? கடைசி வரிசையில் கால் வைக்க எவ்வளவு இடம்? இரண்டு பக்கமும் ஒரே பதில்களை எழுதிவிட்டு, ஒரே பதிலாக இருக்கிறதே என்று கவலைப்பட்டேன்.

காரியாபட்டியில் ஒருவர் அந்த வண்டி வைத்திருக்கிறார். பாளையம்பட்டியில் ஒருவர் இந்த வண்டி. இருவரையும் போய்ப் பார்த்தேன். அவரவர் வண்டியே நல்ல வண்டி என்றார்கள். விற்கிற வரைக்கும் சொந்த வண்டியை எவன் குறை சொல்லியிருக்கிறான்?

மூன்று வாரம் ஓடியது. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னையப் பாக்க வந்தப்ப பஜ்ஜி ஆறுறதுக்குள்ள சரின்னு சொன்ன ஆளு நீங்க. இதுக்கு மூணு வாரமா?"

நான் தாளில் இன்னொரு கேள்வியை எழுதினேன்.

"வண்டியில ஒண்ணும் பிரச்சன இல்ல. அவுககிட்டச் சொல்லணும்ல... அதான இழுக்குறீங்க?"

கண்டுபிடித்துவிட்டாள்.

அவுக என்றால் என் மச்சான். அக்காவின் கணவர். அருப்புக்கோட்டையில் ஒரே தெருவில் எங்கள் இரண்டு வீடும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு வேன், அவருடையது. இருபத்தைந்து வருடமாக அதை அவர்தான் ஓட்டினார். பிரசவத்துக்கு, பெண் பார்க்க, மதுரை ஆஸ்பத்திரிக்கு, துக்க வீட்டுக்கு... யார் எங்கே போவதானாலும் ஸ்டீயரிங்கில் அவர்தான். எனக்கும் ஓட்டத் தெரியும். லைசென்ஸ்கூட இருக்கிறது. ஆனால் நான் ஓட்டினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். நாலு கிலோமீட்டருக்குள் நானே இறங்கி அவரிடம் கொடுத்துவிடுவேன்.

அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கடைசியில் டாக்டர், இனிமேல் வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். மச்சான் வெளியே வந்ததும் சொன்னது: "ராத்திரியில ஓட்ட வேணாமாம்."

அதன்பிறகு பட்டப்பகலிலேயே சொந்த வீட்டு கேட்டில் இரண்டு முறை இடித்தார். கேட்டைக் குறுகலாக வைத்த கொத்தனாரை இரண்டு முறை திட்டினார்.

அக்கா என்னிடம் வந்தாள். "நான் சொன்னா சண்டதான் வருது. நீ சொல்லுடா. பழைய வேன வித்துட்டு ஒன் பேர்ல ஒண்ணு வாங்கிரு. இனிமே நான் ஓட்டுறேன் மச்சான்னு பக்குவமாச் சொல்லிரு. யாரு மேலயாவது ஏத்திட்டாருன்னா நாங்க என்ன செய்வோம்?"

சரியென்றேன். வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் உலகத்தையே கேள்வி கேட்கிற ஆள் நான். மச்சானிடம் போய் நின்றேன். புது வண்டி என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"எது எடுத்தாலும் ஸ்டீயரிங்கு லேசா இருக்கணும் மாப்ள. நாந்தான ஓட்டணும்?"

"ஆமா மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டியை முடிவு செய்கிற நாளில் அவரிடம் சொல்லியாக வேண்டும். முடிவு செய்யாதவரை அவர் டிரைவர். அதற்குத்தான் அந்த முழுத்தாள். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. பாதிப் பேர் முடிவை எப்போதோ எடுத்துவிட்டவர்கள். அதை யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்பதில்தான் திணறுகிறார்கள்.

விற்பனையாளர் ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரண்டில் ஒரு வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"யாரு சார் ஓட்டிப் பாக்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் டிரைவர் சீட்டில் இருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய நேரம் இதுதான். சொன்னேன்.

"பெல்ட்டப் போட்டுக்கங்க மச்சான்."

திருச்சுழி ரோட்டில் போனோம். மச்சானுக்குப் பக்கத்தில் விற்பனையாளர். நடு சீட்டில் நானும் அக்காவும். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேல முள், காய்ந்து கிடக்கும் கரிசல். மச்சான் அழகாகத்தான் ஓட்டினார். அந்த ரோடு அவர் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். நம் பயம்தான் பெரிதோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு வளைவு தாண்டியதும் ஆட்டு மந்தை. ரோடு முழுக்க ஆடு. இப்போது பிரேக் போடுவார் என்று நினைத்தேன். இதோ போடுவார்... இதோ...

"மச்சான், ஆடு!" என்று கத்தினேன்.

அக்கா அலறினாள். விற்பனையாளர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி நின்றபோது ஒரு குட்டிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

மந்தையை ஓட்டிவந்த பெண் கம்பால் பானட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏய்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இம்புட்டு ஆடு போறது தெரியல?"

மச்சான் இப்படிப்பட்ட பேச்சுக்கெல்லாம் கடன் வைக்கிற ஆளில்லை. அவர் பதிலுக்குப் பதில் கொடுத்து, எதிர் லாரிக்காரன் இறங்கி வந்து, நான் கும்பிட்டுச் சமாதானம் பேசிய நாட்கள் நிறைய. அன்றைக்கு ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ஆமாத்தா" என்றார். "தெரியல."

அந்தப் பெண் கம்பைக் கீழே இறக்கிவிட்டாள்.

மச்சான் பெல்ட்டைக் கழற்றி இறங்கினார். வண்டியைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் வந்தார். எங்களை இறங்கச் சொல்லி, நடு சீட்டை மடக்கி, குனிந்து நுழைந்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"ஏன் சார், அந்த ரெண்டு வண்டியில எதுல கடைசி சீட்டுல கால நீட்டலாம்?"

விற்பனையாளர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "இதுலதான் சார்" என்றார். "சந்தேகமே இல்ல, இதுலதான்."

அது பொய். மூன்று வாரமாக நான் எழுதிய தாளிலேயே இருக்கிறது, இரண்டும் ஒரே அளவு. அந்தப் பொய்யின் பேரில் அந்த வண்டியை எடுத்தோம்.

பூஜை போட்ட அன்று நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைத்தது மச்சான்தான். எங்கள் வீட்டில் பழத்தின் மேல் முதலில் வண்டியை ஏற்றுகிறவரும் அவர்தான், எப்போதும். குனிந்து, டயரைத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாக வைத்தார். நிமிர்ந்தார். "ம், எடு மாப்ள" என்றார். எடுத்தேன். மூன்று நசுங்கின, ஒன்று உருண்டு சாக்கடைக்குப் போய்விட்டது. அவர் பார்க்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவருக்கு மதுரையில் கண் செக்கப். காலை ஏழு மணிக்கே வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். கதவில் பூட்டு.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் மச்சான். பக்கத்தில் அக்கா, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். அவள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மச்சான், வண்டிதான் இருக்குல்ல... எறங்கி வாங்க."

குரலை வைத்து நான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஜன்னலில் குனிந்தார். கோபமே இல்லை.

"முன்னப் பின்னத் தெரியாதவன் ஓட்டுனா பின்னால உக்காந்துரலாம் மாப்ள. நீ ஓட்டி நான் உக்கார முடியல. தப்பா நெனச்சுக்கிறாத."

பஸ் போய்விட்டது.

புது வண்டியின் முன் சீட்டு, நடு சீட்டு எல்லாவற்றிலும் பாலித்தீன் உறையைக் கிழித்தாயிற்று. கடைசி வரிசையில் மட்டும் அப்படியே இருக்கிறது.