புண் இருக்கும்போதும் போடுவீர்களா?

செமிலிங் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் உமையாளுக்கு வாயில் புகையிலை இல்லாவிட்டால் வேலையில் கை ஓடாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தொற்றிய பழக்கம். அதே பழக்கம்தான் அவள் கணவன் வீரசாமியின் தாடையைப் புற்றாகித் தின்றது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் பாதி முகத்தை அறுத்தும் ஆள் பிழைக்கவில்லை. அவனை எரித்துவிட்டு வந்த அன்றைக்கும் அவள் கன்னத்தில் ஒரு கிள்ளு புகையிலையை அடக்கினாள்.

இப்போது அவளுடைய இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. நாக்கு ஓயாமல் அங்கேதான் போனது. சொன்னால் டாக்டர்கள் கத்தியோடு வந்துவிடுவார்கள் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கோயில் மண்டபத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வாசுகி என்ற பெண் வந்தாள். யார் எந்த அளவுக்குப் புகையிலைக்கு அடிமை என்று கிளினிக்கில் சட்டெனக் கண்டறியத் தமிழில் கேள்விகள் தயாரித்திருந்தார்கள். அவை சரியாகப் பிடிக்கின்றனவா என்று சோதிக்க ஆட்கள் வேண்டியிருந்தது. உமையாளும் போய் உட்கார்ந்தாள்.

“பயப்படாதீங்க ஆன்ட்டி, பரீட்சை எங்க கேள்விக்குத்தான்லா. ரெண்டு வாரம் கழிச்சி இதையே திரும்பக் கேப்பேன், பதில் மாறுதான்னு பாக்க. கொஞ்சம் எச்சிலும் எடுத்து, அதுல புகையிலை எவ்வளவு இருக்குன்னு பாக்க லேப்புக்கு அனுப்புவோம்.”

எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் போடுவீர்கள், சாற்றை விழுங்குவீர்களா என்றெல்லாம் கேட்டாள். உமையாள் தயங்காமல் சொன்னாள். பிறகு வந்தது அது.

“வாயில புண்ணு இருக்கும்போதும் போடுவீங்களா?”

உமையாள் திட்டிலிருந்து நாக்கை இழுத்துக்கொண்டாள். “புண்ணா? எனக்கு ஏது புண்ணு!”

குப்பியில் துப்பிக் கொடுத்தாள். எச்சில் தன் புண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தாள். தோட்டத்தில் கார் சத்தம் கேட்டாலே ஆஸ்பத்திரிக்காரர்களோ என்று நிமிர்ந்து பார்த்தாள். பயத்தை அடக்கப் புகையிலை போட்டாள். போட்டதும் திட்டு எரிந்தது. எரிந்ததும் பயம் இரட்டித்தது. குழம்பு தொட முடியாமல் கஞ்சியே சாப்பாடானது.

வாசுகி மறுபடி வந்த அன்று உமையாள் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு நளினி வந்து தட்டினாள். “அக்கா, அந்தப் பொண்ணு உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு.”

போனாள். அதே கேள்விகள், அதே வரிசை. அந்தக் கேள்வி வருவதற்குள் அவளுக்கு அழுகை வெடித்தது.

“போடுவேம்மா. புண்ணு இருந்தாலும் போடுவேன். இப்பவும் இருக்கு, பாரு. எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சி.”

வாசுகியின் முகம் மாறியதைப் பார்த்து உமையாள் திறந்து காட்டிய வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி. நாளைக்கே பல் கிளினிக்குக்குப் போவோம். நானும் கூட வரேன்.”

“அறுத்துருவாங்களா?”

“தெரியல. பாத்தாதான் தெரியும்.”

பொய் சொல்லித் தேற்றாத அந்தப் பதிலை நம்பித்தான் அவள் காரில் ஏறினாள்.

கிளினிக்கில் எழுதிக் கொடுத்தபடி சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, திட்டிலிருந்து சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீரசாமியின் படத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. புற்று இல்லை, அப்படியே விட்டிருந்தால் புற்றாகியிருக்கலாம் என்றார் டாக்டர். திட்டை வெட்டி எடுத்தார்கள். புகையிலையை விடுவது அதைவிட வலித்தது. ஒருமுறை தவறிப் போட்டு, உடனே துப்பிவிட்டு, அவளே வாசுகிக்குப் போன் போட்டு அழுதாள்.

இன்னமும் திட்டு திரும்ப வந்திருக்கிறதா என்று சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போய் வாயைக் காட்டிவிட்டு வருகிறாள். டாக்டர் விளக்கை அருகே கொண்டுவந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள்.