குழம்புக்கு ஏற்ற ஒயின்

போன வாரம் ஒரு மதுக்கடைக்குள் தனியாக நுழைந்தேன். ஆமாம், நானேதான்! ரசத்தில் பெருங்காயம் எவ்வளவு என்று இதே பக்கத்தில் உங்களோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவள்.

இந்த வெஸ்ட் வின்ட்சர் ஊரில் இத்தனை வருஷமாக இருக்கிறோம். அந்தக் கடையைக் காரில் கடந்து போனதோடு சரி. உள்ளே காலெடுத்து வைத்ததுமே மாட்டிக்கொண்டேன். எங்கள் கோயில் கமிட்டி நண்பர் ஒருவர் பீர் பெட்டியோடு எதிரே வந்தார்.

"மேடம்... நீங்களா?"

"வீட்டுக்கு கெஸ்ட் வர்றாங்க" என்றேன்.

"எனக்கும் கெஸ்ட்தாங்க" என்று அவசரமாக நகர்ந்தார். யார் யாரிடம் மாட்டினோம் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

விஷயம் இதுதான். என் மகள் மீரா கட்டிக்கொள்ளப் போகிற பையன் நிக். அவனுடைய அப்பாவும் அம்மாவும் தேங்க்ஸ்கிவிங் டின்னருக்கு முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இத்தாலியக் குடும்பம். அப்பா மார்க்கோ ஒயின் விஷயத்தில் படு கறாராம்!

ஒவ்வொரு போனிலும் மீராவுக்கு ஒரே பாட்டு. "அம்மா, ப்ளீஸ்... நோ காரம். ஜஸ்ட் திஸ் ஒன்ஸ்!"

என் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பில் காரத்தைக் குறைப்பதா? அதற்குப் பேசாமல் பீட்ஸா ஆர்டர் பண்ணிவிடலாமே! சம்பந்தம் பண்ண வருகிறவர்களுக்கு நாம் யார் என்று முதல் நாளே தெரிய வேண்டாமா? வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளூரப் பயம்தான். அவர்கள் முகம் சுளித்தால் என் பெண்ணின் முகம் வாடிவிடுமே...

மீட்டிங் என்று நழுவிவிட்ட என் கணவர், ஆபீஸில் நாலு பேரை விசாரித்து ஒரு பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார் - பரோலோ. "இத்தாலி ஒயின்லயே இதுதான் ராஜா. கண்ணை மூடிட்டு வாங்கு!"

நான் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவளா? கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன்: குடித்தால் வாயில் எப்படி இருக்கும்?

"வாயெல்லாம் உலர்ந்த மாதிரி இருக்கும். பால் சேர்க்காத ஸ்ட்ராங் டீ போல" என்றார்.

அட, துவர்ப்பு!

மிளகாய் பஜ்ஜி சாப்பிட்ட வாயோடு, பாலும் சர்க்கரையும் இல்லாத பிளாக் டீ குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கு தீப்பிடிக்கும். என் குழம்போடு இந்த ராஜா சேர்ந்தால் சம்பந்தி ஆம்புலன்ஸில்தான் வீடு திரும்புவார்.

துவர்ப்பு கம்மியாக, துளி இனிப்பு, கொஞ்சம் புளிப்பு... அப்படி ஒரு இத்தாலிய ரெட் ஒயின் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். லாம்புருஸ்கோ. நுரை பொங்கும் சிவப்பு ஒயின். ஜில்லென்றுதான் குடிக்க வேண்டுமாம்.

வீட்டில் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோக் மாதிரி நுரைக்குமாமேடி! குடிச்சே பார்க்காம எப்படி செலக்ட் பண்ணினே?"

"குழம்பை மட்டும் ருசி பார்த்தா இறக்குறேன்?"

சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உப்பு, புளி எல்லாம் எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும்.

"மானம் போகப் போகுது, பாரு" என்று முணுமுணுத்தபடியே பாட்டிலை ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

டின்னர் நாள். மார்க்கோ சும்மா வரவில்லை. கையில் ஒரு பாட்டில். என்னவென்று நினைக்கிறீர்கள்? அதே பரோலோ! என் கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

எங்கள் எவர்சில்வர் டம்ளரில் தானே கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து, ரசித்தார் மார்க்கோ. சாதத்தில் குழம்பைப் பிசைந்து ஒரு வாய். மேலே ஒரு மடக்கு ஒயின். அவ்வளவுதான்! முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, ஒரே இருமல். அவர் மனைவி லிசா முதுகைத் தட்டினார். நிக் தண்ணீருக்கு ஓடினான். மீரா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "ஐ டோல்ட் யூ, அம்மா" என்று உதடு மட்டும் அசைந்தது.

எழுந்தேன். தோசை மாவை நகர்த்தி என் பாட்டிலை எடுத்தேன். வேறொரு டம்ளரில் ஊற்றினேன். 'கால்வாசி போதும், கால்வாசி!' என்று கணவர் கண்ணாலேயே கெஞ்சினார். ஒயினை அவ்வளவுதான் ஊற்ற வேண்டும் என்று யூடியூபில் பார்த்தாராம். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கால் டம்ளர் ஊற்றுவதா? தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தேன். தூக்கினால் சிந்தும். பாவம் மார்க்கோ, டம்ளர் வரைக்கும் குனிந்து முதல் வாயை உறிஞ்சினார்.

மறுபடி குழம்பு சாதம். மறுபடி ஒரு வாய் ஒயின். இந்த முறை இருமல் வரவில்லை.

"யார் தேர்ந்தெடுத்தது இதை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் மார்க்கோ.

"மை மாம்!" என்றாள் மீரா. "ஷி டஸன்ட் ஈவன் டிரிங்க்!"

அந்தக் குரல்! என் சமையலை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். என் பெண் என்னைப் பெருமையாக ஊரறியச் சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏன் மறைக்க வேண்டும்?

மார்க்கோ தன் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினார். "லாம்புருஸ்கோதான் கரெக்ட்னு ஆரம்பத்துலயே தெரியும்" என்று லிசாவிடம் ஒருவர் ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்தார். யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நாம் எத்தனை விஷயங்களைக் குறைத்துக்கொண்டோம்! ஆபீஸ்காரர்கள் வாய்க்காகப் பெயரைச் சுருக்கினோம். விருந்தாளிக்காக மிளகாயைக் குறைக்கிறோம். அவர்களாக யாராவது கேட்டார்களா என்ன?

பாத்திரம் துலக்கும்போது மீரா பின்னால் வந்து கட்டிக்கொண்டாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்: "அம்மா... கல்யாணத்துக்கும் காரம் குறைக்காதே."

அந்த ஒயின் எப்படி இருந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? சத்தியமாக, இன்னும் நான் வாயில் வைக்கவில்லை!