பேனாவைத் தவிர

நாற்காலி என்றால் டாக்டர் தயானிக்கு ஆகாது. பிளேன்டீயை நின்றுகொண்டேதான் குடிப்பாள். சோற்றுப் பார்சலை ஜன்னல் கட்டையில் விரித்து, ஒரு கண் வார்டில் இருக்க, நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். யாராவது பாவம் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டால், "ஐயோ, அது வேணாங்க. ஒக்காந்தேன்னா நாளைக்குத்தான் எந்திரிப்பேன்" என்று இரண்டடி தள்ளிப் போய் நிற்பாள். அவள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஒரு நாள் மறதியாக உட்கார்ந்து, ஒரு மருந்தின் பெயரைப் பாதி எழுதும்போதே தூங்கிப் போனாள். மீதிப் பாதி ஒரு நீளக் கோடாகக் காகிதத்தைத் தாண்டி மேசையில் போய் முடிந்திருந்தது.

பேனாவுக்கு அவளிடம் இருக்கிற இடம் கொண்டை. கோட்டுப் பையில் வைத்தால் ஆஸ்பத்திரியில் அது அரைமணி நேரம் தங்காது. யாராவது "ஒரு நிமிஷம்" என்று வாங்குவார்கள், அதோடு சரி. அதனால் முடியை முறுக்கிக் கட்டி, அந்த நீலப் பேனாவையே ஊசியாகக் குத்திவிட்டாள். எழுதும்போது உருவுவாள், எழுதி முடித்ததும் முடி அவிழ்வதற்குள் திரும்பச் சொருகிவிடுவாள். அந்தக் கைவேகத்தைப் பார்க்கவே நோயாளிகள் எழுந்து உட்காருவார்கள். அவளோடு பயிற்சிக்கு வந்த ஹுமைத், பண்டாரவளைத் துணிக்கடைக்காரர் மகன், தினமும் பேனா தொலைப்பான். தினமும் அவளிடம் கேட்பான். "பேனாவத் தவிர எது வேணும்னாலும் கேளு. கிட்னி கூடத் தாரேன்" என்பாள்.

சிரிப்பு இன்னொரு விசேஷம். மற்றவர்களுக்குக் களைப்பு வந்தால் எரிச்சல் வரும். தயானிக்குச் சிரிப்பு வரும். முப்பது மணி நேரம் தூங்காவிட்டால் தர்மாமீட்டர் கீழே விழுந்தாலும் சிரிப்பாள், விழாவிட்டாலும் சிரிப்பாள். பெண்கள் வார்டு நர்ஸ் றமீலா மிஸ்ஸி அதை வைத்தே அவளுடைய தூக்கக் கணக்கைச் சொல்லிவிடுவார். "வாயப் பொத்திச் சிரிச்சா ஒரு ராத்திரி முழிப்பு. சுவத்தப் புடிச்சிச் சிரிச்சா ரெண்டு ராத்திரி."

காலையில் பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாக வருவதை அவள் 'பெரட்டு' என்றுதான் சொல்வாள். தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆளெடுக்கிற பெரட்டில் நின்றால்தான் அன்றைக்குப் பேர் விழும், கூலி கிடைக்கும். நிற்காவிட்டால் பேர் போச்சு. கொஸ்லந்தப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்கு அந்த பயம் படித்தும் போகவில்லை. போகாததற்குக் காரணமும் இருந்தது. பயிற்சி தொடங்கிய மாதமே அவளுக்கு அம்மை போட்டு, வருஷத்து லீவெல்லாம் அதிலேயே தீர்ந்துவிட்டது. இனி ஒரு நாள் படுத்தாலும் அந்த நாள் கடைசியில் கூடும். கூடினால், கூடப் படித்தவர்கள் வேலையிடம் கேட்டு நிற்கிற வரிசையில் அவள் பிந்திப் போவாள். அவள் கேட்க நினைத்திருந்ததோ ஒரே இடம்: ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி. தமிழ் தெரிந்த டாக்டர் இல்லாமல், வயிற்றுவலியைக் கூட ஜனங்கள் கைச்சாடையில் சொல்லிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரி அது. அதை நினைத்தால் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

இந்த விஷயம் வார்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்பதாம் கட்டில் இராக்கம்மாவுக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள். பூனாகலைத் தோட்டத்திலிருந்து கால் யானைக்கால் போல வீங்கி வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டுத்தான். "துண்ட வெட்டுங்க டாக்டரம்மா. நான் போறேன். பேரு போயிருங்க." துண்டு வெட்டினால்தான் வீட்டுக்குப் போக முடியும். தயானி இடுப்பில் கைவைத்து நிற்பாள். "காலு போனா பேர வச்சி என்ன செய்வீங்க? பேசாமப் படுங்க. எனக்கு ஒரு காச்ச வந்தா, இந்தா, இந்தப் பத்தாங்கட்டில்ல வாயத் தெறக்காமப் படுத்துக்குவேன், பாருங்க."

சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட ஆளில்லை, காய்ச்சல்தான் வந்தது. அதுவும் பயிற்சி முடிய ஐந்தே நாள் இருக்கும்போது.

முதல் நாளைப் பனடோல் விழுங்கி ஓட்டினாள். இரண்டாம் நாள் பனடோல் வயிற்றில் நிற்கவில்லை, தண்ணீரும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை டாக்டர்மாரின் அறைக்குள் ஹுமைத்தை இழுத்துக் கதவைச் சாத்தினாள். "ஒரு சேலைன் ஏத்திவிடு. யாருக்கும் தெரியக் கூடாது." ஹுமைத் நல்ல பிள்ளை, ஆனால் அவன் ஊசிக்கும் நரம்புக்கும் ஜென்மப் பகை. "ஆடாம இரி தயானி." "நான் ஆடல, நீதான் ஆடுற." நாலாவது குத்தில் நரம்பு கிடைத்தது. இருவரும் கப் அடித்தவர்கள் மாதிரிக் கைதட்டிக்கொண்டார்கள். அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டு, முகக்கவசத்தை ஏற்றிவிட்டு, போத்தலை ஜன்னல் கொக்கியில் மாட்டி, வழக்கம் போல நின்றுகொண்டே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது பார்த்து றமீலா மிஸ்ஸியின் குரல்: "டாக்டர்! எட்டாங்கட்டில் மூச்செடுக்கக் கஷ்டப்படுறா!"

தயானி ஓடினாள். கையில் குழாய் இருப்பது இரண்டாவது அடியில் ஞாபகம் வந்தது, கழற்ற நேரமில்லை. போத்தலைக் கொக்கியிலிருந்து பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே ஓடினாள். எட்டாம் கட்டிலில் இரண்டு கையும் வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கையில் போத்தலைத் திணித்தாள். "கொஞ்சம் புடிங்க. ஒசக்கப் புடிங்க!"

இராக்கம்மா உயரப் பிடித்தாள். டாக்டரம்மா கொடுத்தது என்று சாமி விளக்கைப் போலப் பிடித்தாள். எட்டாம் கட்டில்காரிக்கு மூச்சுக்கவசம் மாட்டி, ஊசி போட்டு, நெஞ்சின் இழுப்பு அடங்கும் வரை தயானி நிமிரவில்லை. அதுவரை இராக்கம்மாவுக்கு வேறு வேலையில்லை. போத்தலைப் பார்த்தாள். போத்தலிலிருந்து இறங்கும் குழாயைப் பார்த்தாள். குழாய் எட்டாம் கட்டிலுக்குப் போகவில்லை. வளைந்து, தொங்கி, ஒரு ஸ்வெட்டர் கைக்குள் நுழைந்தது.

"டாக்டரம்மா," என்றாள், வார்டு முழுக்கக் கேட்க, "இந்தத் தண்ணி ஒங்களுக்கா ஏறுது?"

தயானி குழாயைப் பார்த்தாள். இராக்கம்மாவைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு சுவரைப் பிடித்தாள். அதற்கு மேலும் சிரிப்பு வந்தால் எத்தனை ராத்திரி என்று மிஸ்ஸியின் கணக்கில் இல்லை. பதினாறு கட்டிலும் சேர்ந்து சிரித்தது; எட்டாம் கட்டில்காரி கூடக் கவசத்துக்குள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கால் நழுவித் தயானி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடம் காலியாகக் கிடந்த பத்தாம் கட்டில்.

பெரட்டுக்குப் பெரிய டாக்டர் வந்தது அந்த நேரத்தில். அவருக்குத் தமிழில் தெரிந்தது மூன்றே வாக்கியம். மூன்றும் தயானி கற்றுக்கொடுத்தவை. கட்டிலருகே நின்று அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க வலிக்குது?" என்றார். பிறகு, "நாக்க நீட்டுங்க." பிறகு, "மூச்ச இழுங்க." அவள் நீட்டினாள், இழுத்தாள். காய்ச்சல் நூற்று மூன்று. அவர் சிங்களத்துக்கு மாறினார்: குறைந்தது மூன்று நாள் படுக்கை, பேச்சே இல்லை.

சிரிப்பு நின்றது. "சேர், மூணே நாள்தான் சேர் இருக்கு," என்றாள், அவருக்குப் புரியாத தமிழில். "சாயங்காலம் துண்ட வெட்டிருங்க சேர். எனக்கு ஒண்ணுமில்ல. பேரு போயிரும்…"

ஒன்பதாம் கட்டிலிலிருந்து, இன்னும் போத்தலை உயர்த்தியபடி, இராக்கம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கேலி செய்யவில்லை. "உசிரு போனா பேர வச்சி என்னாங்க செய்வீங்க?" என்றாள் மெதுவாக. "நீங்க படுங்க டாக்டரம்மா. நானும் படுத்துக்கிறேன். துண்டு கேக்க மாட்டேன்."

தயானிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க முகக்கவசம் போதவில்லை.

ஹுமைத் பத்தாம் கட்டிலுக்கு ஒரு புது நோயாளி டிக்கெட்டை எடுத்து வந்தான். பெயர், வயது, எத்தனை நாள் காய்ச்சல், எல்லாம் அவன்தான் எழுத வேண்டும். மேல் பையைத் தடவினான். கீழ்ப் பையைத் தடவினான். மிஸ்ஸியைப் பார்த்தான், மிஸ்ஸி கை விரித்தார். அவளிடம் கேட்க மட்டும் அன்றைக்கு அவனுக்கு வாய் வரவில்லை.

தயானி கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போனாள். பேனாவை உருவி அவனிடம் நீட்டினாள். முடி தோளில் அவிழ்ந்து விழுந்தது. அதை அள்ளிக் கட்டாமலே தலையணையில் சாய்ந்தாள்.