அமாவாசை கழித்த கணக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு விமான நிறுவனத்தில் காலம் தள்ளுகிறேன். பழைய விமானங்களுக்குப் பதிலாக எந்தப் புதிய விமானத்தை வாங்கலாம் என்று கணக்குப் போடும் குழுவில் வேலை. செஞ்சியில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிப் பாறையின் அனல் நேரே முகத்தில் அடிக்கும்.

அந்த வருடம், கடல் தாண்டிப் பறக்கும் எங்கள் விமானங்களுக்கு வயதாகிவிட்டிருந்தது. போட்டியில் இரண்டு நின்றன. இரண்டுமே உள்ளே இரண்டு நடைபாதை வைத்த அகல விமானங்கள். ஒன்று பெரியது, ஆள் நிறைந்தால் இருக்கைக்கு ஆகும் செலவு குறையும். மற்றது கொஞ்சம் சிறியது. ஒருமுறை போய்வர எரிபொருள் குறைவாகக் குடிக்கும். தமிழ் தெரியாத என் மேலதிகாரி பெரியதன் பக்கம், நான் சிறியதன் பக்கம். வருடம் முழுக்க முட்டிக்கொண்டோம். "சராசரியைப் பாருங்கள், பெரியதே நிறைகிறது" என்பது அவருடைய ஒரே பல்லவி.

அந்தச் சராசரியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, மேல்மலையனூர் தடத்தில் பஸ் ஓட்டுகிறார். அமாவாசையன்று அங்குள்ள அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் அவர் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. மறுநாள் அதே பஸ்ஸில் நாலு பேரும் ஒரு வேர்க்கடலை மூட்டையும் வரும். இரண்டையும் கூட்டி வகுத்தால் பஸ் பாதி நிறைந்து ஓடுகிறது என்று வரும். அப்படி ஒரு நாளும் அந்த பஸ் ஓடியதில்லை.

எங்கள் விமானங்களின் கதையும் அதுதான். தீபாவளி, கோடை விடுமுறை போன்ற நெரிசல் நாட்களைத் அட்டவணையில் தனியாகப் பிரித்து, என் வசதிக்காக அவற்றுக்கு "அமாவாசை" என்று ஆங்கில எழுத்தில் தலைப்பிட்டு வைத்தேன். மாற்ற மறந்தே போனேன்.

முடிவெடுக்கும் கூட்டம் காலை பதினோரு மணிக்கு, கணினி வழியாக. விமானத்தை வாங்கிவிட்டால் இருபது வருடம் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். தோற்றால் என் ஒரு வருட உழைப்பு குப்பைக்கூடைக்கு. பயமாகத்தான் இருந்தது.

நைனா மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ப்ளேன் வாங்கிட்டியா?"

"கம்முனு போ நைனா, டென்ஷன் பண்ணாத."

"கரண்டு போச்சினா இன்னா பண்ணுவ?"

"இன்வெர்ட்டர் இருக்குது."

"அம்மாம் பெரிய ப்ளேனு, நம்ம வூட்டு இன்வெர்ட்டர நம்பி நிக்குது" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

கூட்டத்தில் என் அட்டவணையைத் திறந்தேன். நிதிப் பிரிவின் தலைவி வடக்கத்திக்காரர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "யார் இந்த அமாவாசை? வெளியிலிருந்து அழைத்த ஆலோசகரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மேலதிகாரி குலுங்கிச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. தட்டச்சுப் பிழை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தச் சிரிப்பு என்னைக் கிளப்பிவிட்டது.

"ஆளில்லை, எங்கள் ஊர்க் கூட்டம்" என்று தொடங்கி மேல்மலையனூரை முழுக்கச் சொன்னேன். அமாவாசைக் கூட்டத்துக்காக யாரும் மாதம் முழுக்கப் பெரிய பஸ் ஓட்டுவதில்லை, அன்றைக்கு மட்டும் ஸ்பெஷல் விடுகிறார்கள் என்றேன்.

"நமக்கு ஸ்பெஷல் விட விமானம் எங்கே, விமானி எங்கே?" என்று மேலதிகாரி மடக்கினார்.

அதற்குத்தான் காத்திருந்தேன். பராமரிப்பு வேலைகளைக் கூட்டமில்லாத மாதங்களில் முடித்துவிட்டால் நெரிசல் நாட்களில் எல்லா விமானமும் கையில் இருக்கும். இப்போதுள்ள நம் விமானிகள் சிறியதற்குச் சின்னப் பயிற்சியோடு மாறிவிடலாம். பெரியதற்கு முதலிலிருந்து படிக்க வேண்டும். இதையெல்லாம் வரிசையாக அடுக்கினேன்.

"அமாவாசையைக் கழித்துவிட்டுப் பெரியதைக் காட்டுங்கள்" என்றார் நிதித் தலைவி.

காட்டினேன். திரையில் மாதத்துக்கு மாதம் காலி இருக்கைகள். பத்து நிமிடத்தில் சிறியது என்று முடிவானது.

மைக்கை அணைத்துவிட்டுக் கத்தினேன். கீழிருந்து நைனா பதறினார். "இன்னா ஆச்சி?"

"சின்ன பஸ்ஸு ஜெயிச்சிடுச்சி நைனா!"

அடுத்த வாரம் வேறொரு தடத்துக்கான கூட்டம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் சராசரியைப் பெருமையாக வாசித்தார். என் மேலதிகாரி அவரை நிறுத்தி, உச்சரிப்பு தடுமாறினாலும் முகம் மாறாமல் கேட்டார்: "அமாவாசையைக் கழித்தீர்களா?"