பல் விளக்கிய குற்றம்

மீட்டர்காரருக்கு இந்த வயதில் பெண் சகவாசம் என்று தெருவே மென்றுகொண்டிருந்தது. மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய் மாசக்கணக்காகிறது. இவரோ புதன்கிழமையானால் சட்டையைத் தேய்த்துப் போட்டு, பவுடர் பூசி, கமகமவென்று கிளம்பிவிடுகிறார். இஸ்திரிக் கடைக்காரர் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பல் மருத்துவக் கல்லூரி, ஓர் இளம் டாக்டரம்மா, சாத்திய கதவு. கண், காது, மூக்கு வைக்கும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கதவுக்கு உள்ளே நடந்ததைச் சொன்னால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் நடந்தது அதுதான்.

பல் சொத்தை எப்படி ஆரம்பிக்கிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி. அதில் சேர்ந்தவர்கள் செவ்வாய்க்கிழமையே பல் விளக்குவதை நிறுத்திவிட வேண்டும். புதனன்று டாக்டரம்மா பல்மேல் படிந்த அழுக்கைச் சுரண்டிக் குப்பியில் போடுவார். பிறகு, முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பார். டீயில் எவ்வளவு சர்க்கரை, இடையில் ஏதாவது கொறித்தீர்களா, எதையும் விடமாட்டார்.

வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவரை மீட்டர்காரருக்குத் திறக்காத கதவு ஊரில் இல்லை. ரிட்டயர் ஆனதும் அத்தனையும் சாத்திக்கொண்டன. மனைவி ஃபோனில் பேரன் தவழ்ந்தது, தும்மியது எல்லாம் சொல்வாள். இவர் சாப்பிட்டாரா என்று கேட்பதற்குள் பேரன் அழுதுவிடுவான். அதுவரை ரொட்டியை டீயில் முக்கி விழுங்கிக்கொண்டிருந்தவர், டாக்டரம்மாவிடம் சொல்வதற்காகவே கீரை வதக்கினார், முட்டை வறுத்தார். கீரை அடிபிடித்ததைக்கூடச் சொன்னார். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

ஒருநாள் டாக்டரம்மா முகக்கவசத்தைச் சற்று மேலே இழுத்துவிட்டார். இவருக்குச் சுருக்கென்றது. குளித்து முழுகி வந்து, ஒரு பெண்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஊத்தை வாயைத் திறப்பதா? அடுத்த வாரத்திலிருந்து கமுக்கமாகப் பல்லை விளக்கிவிட்டே போனார்.

குப்பி காலியாகவே இருந்தது. அழுக்கே அண்டாத வாய் கிடைத்துவிட்டதென்று டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியரையே கூட்டிவந்து காட்டினார். பேராசிரியர் குனிந்தார். முகர்ந்தார்.

"பேஸ்ட் வாசம் வருதே சார்."

"மரியாதையா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார் மீட்டர்காரர்.

"அழுக்குக்காகத்தான் சார் உங்களக் கூப்பிட்டதே," என்றார் டாக்டரம்மா. கோபமில்லை, அசந்துபோன குரல்.

எடுத்த கணக்கெல்லாம் வீண். இனி வர வேண்டாம் என்றார்கள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. முந்தின நாள் முதன்முறையாகச் சுரைக்காய் சமைத்திருந்தார். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்த புதன் சாயங்காலம் மனைவியின் ஃபோன். தெருப் பேச்சு அவள் காதுவரை போய்விட்டிருந்தது. பேரனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"யாரோ டாக்டர் பின்னால சுத்துறீங்களாமே?"

"யார் பின்னாலயும் சுத்தல. என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க, அதுக்குப் போனேன். பல்ல வெளக்கிட்டு வந்தேன்னு தொரத்திட்டாங்க."