ஊசியிலேயே நின்ற சட்டை

ரேணுகாம்பாள் பின்னிய முதல் காலுறையைத் தரையில் வைத்தால் அது தானாக நிற்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. செங்கம் ரோட்டில் அவள் வேலை பார்த்த விடுதியின் பின்பக்கப் படிக்கட்டில் அதை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, இங்கரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குற்றம் விரல்களுடையது. பத்து வருஷமாகப் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னிய விரல்கள். ஒயர் கூடையில் ஒவ்வொரு முடிச்சையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடை தொளதொளவென்று தொங்கிவிடும். உல்லன் நூலையும் அவள் அப்படியே இழுத்து வைத்தாள்.

"ரேணு, இது காலுக்கு. தேங்காய்க்கு இல்லை," என்றாள் இங்கரம்மா.

இங்கரம்மா டென்மார்க்காரி. 1995-லிருந்து வருஷா வருஷம் ஐப்பசி மழையோடு வந்து இறங்கி, மலையைப் பார்த்த அதே மாடி அறையை எடுத்துக்கொள்வாள். ஐம்பதை நெருங்கிய வயது, ஆள் நல்ல உயரம். தமிழைக் காய்கறிக் கடையில் கற்றவள், அதனால் மரியாதை மட்டும் வரவில்லை. விடுதி மேனேஜர் ராமதாஸையே "நீ வா, பக்கெட் கொண்டா" என்பாள். ராமதாஸ் முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார்.

ரேணுகாம்பாள் அந்த விடுதியில் அறை பெருக்குவாள், துடைப்பாள், படுக்கை விரிப்பு மாற்றுவாள். கணவன் பலராமன் கொஞ்சம் தள்ளி வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் மாமியார் தனம். பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்பதைச் சனங்கள் நிறுத்தியே பல வருஷம் ஆகியிருந்தது.

பின்னல் தொடங்கியது தற்செயலாகத்தான். ஒருநாள் அறையைத் துடைக்கப் போனவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த பாதி ஸ்வெட்டரை அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கரம்மா திட்டவில்லை. ரேணுகாம்பாள் கொண்டுவந்திருந்த ஒயர் கூடையைக் காட்டி, "இதை எனக்குச் சொல்லு. அதை உனக்குச் சொல்றேன்," என்றாள். மதியம் வேலை முடிந்ததும் படிக்கட்டில் ஒருத்திக்கு ஒருத்தி வாத்தியாராக உட்கார்ந்தார்கள். கூடைப் பாடத்தில் இங்கரம்மா சுமார்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஊசி வாங்கக் கடைத்தெருவுக்கெல்லாம் போகவில்லை. பலராமன் பழைய சைக்கிள் சக்கரத்திலிருந்து இரண்டு ஸ்போக் கம்பியை உருவி, முனையைத் தேய்த்து மழுக்கிக் கொடுத்தான். "மாப்பிள்ளை சீதனம், வெச்சிக்க," என்று கிண்டல் வேறு. நம் ஊர் வெயிலுக்கு உள்ளங்கை வியர்த்து நூல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முகப் பவுடரை விரலில் தடவிக்கொள்வது ரேணுகாம்பாளின் சொந்தக் கண்டுபிடிப்பு. வரிசையை எண்ணப் புளியங்கொட்டை. புத்தகத்தைப் பார்த்துப் பின்னுவது அவளுக்குச் சரிப்படவில்லை. இங்கரம்மா பின்னித் தரும் துண்டை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துப் பிரித்து, எந்த நூல் எதற்குள் நுழைந்தது என்று பார்த்துவிட்டால் போதும், மறுநாள் அதையே பின்னிக்கொண்டு வந்துவிடுவாள்.

காலுறையில் குதிகால் திருப்பும் இடத்தில்தான் திண்டாடிப் போனாள். பதினொரு முறை பிரித்தாள். பன்னிரண்டாவது முறை குதிகால் சின்னக் கிண்ணம்போலக் குழிந்து வந்தபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியாரிடம் ஓடிப்போய்க் காட்டினாள். "இன்னாத்துக்கு இது? இந்த ஊர்ல யாருடி காலுக்குச் சட்டை போடறான்?" என்றாள் தனம். அதுவும் நியாயமான கேள்விதான். அப்புறம் கயிறுபோல முறுக்கிக்கொண்டு ஏறும் பின்னல் வந்தது. இங்கரம்மா அதற்கு என்னவோ பெயர் சொன்னாள். ரேணுகாம்பாள் "கை முறுக்கு" என்று பெயர் வைத்தாள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மூன்றாவது வருஷத்தில் அவள் முறுக்கு இங்கரம்மாவின் முறுக்கைவிட நேர்த்தியாக விழுந்தது. விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு அனுப்பத் தொப்பி கேட்டார்கள், மஃப்ளர் கேட்டார்கள். எங்கேயோ பனி கொட்டும் ஊர்களில், பெயர்கூடத் தெரியாத சனங்கள் தன் கைப்பின்னலைக் காதில் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, அவளுக்கு வேறு எதில் கர்வப்பட வாய்த்தது?

2000-ஆம் வருஷம் இங்கரம்மா வந்ததும் வராததுமாக ஒரு பையை அவிழ்த்தாள். உள்ளே பால் நிறத்தில், தொட்டால் விரல் புதையும் நூல்.

"என் பொண்ணுக்குக் குழந்தை வரப்போகுது, ஜனவரி. நீ சட்டை பின்னணும். முறுக்கு வெச்ச சட்டை. கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவள் கையில் கொடுக்கணும். அப்புறம் அந்தக் குழந்தையோட குழந்தைக்கும் வெச்சிருப்போம். என் கை இப்போ வலிக்குது, உன் கைதான் நல்ல கை."

ரேணுகாம்பாள் முகம் மாறியதை இங்கரம்மா கவனிக்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல ரேணுகாம்பாளுக்கு வாய் வரவில்லை.

பின்னினாள். முதுகு, முன்பக்கம், இரண்டு குட்டிக் கைகள், நெஞ்சின் நடுவே இரட்டை முறுக்கு என்று மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி கழுத்து மட்டும். கழுத்தின் கடைசி வரிசையில் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டு மூட வேண்டும். மூடினால் சட்டை. மூடாமல் ஊசியை உருவினால் மொத்தமும் கழன்று வெறும் நூல். கால்மணி நேர வேலை அது. அந்தக் கால்மணி நேரம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. ஒருநாள் தலைவலி, ஒருநாள் பௌர்ணமிக் கூட்டம், ஒருநாள் கண்ணி எண்ணிக்கை தப்பிவிட்டது என்றாள். இங்கரம்மா கார்த்திகைத் தீபம் முடிந்த மூன்றாம் நாள் விமானம் ஏற வேண்டும்.

இந்த இடத்தில் பதினொரு வருஷம் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும்.

1989-இல் ரேணுகாம்பாள் ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய கர்ப்பம், கால் தரையில் பாவாத சந்தோஷம். கடைத்தெருவில் தொங்கிய குழந்தைக் கவுனைப் பார்த்துவிட்டு, அரை மீட்டர் மஞ்சள் துணி வாங்கி வந்து கையாலேயே தைத்தாள். நம் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு யாரும் துணி எடுப்பதில்லை. பிறந்த பிள்ளையைக்கூட முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள், புதுச்சட்டை எல்லாம் தீட்டுக் கழிந்த பிறகு. அவளுக்கும் அது தெரியும். ஆசை யாரைக் கேட்டு வருகிறது? தனம் பார்த்துவிட்டுப் பதறிப்போய்த் திட்டினாள். அன்றோடு ரேணுகாம்பாள் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள்.

ஒன்பதாம் மாதம் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்து படுத்தவளிடம் தனம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "அன்னிக்கே சொன்னேனே, முந்திக்கினு சட்டை தெச்சியே. அதைக் கொளுத்திப் போடு." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நல்ல மாமியார்தான், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்து ஊட்டுகிறவள். ஆனால் ஒருமுறை சொன்னதே போதுமானதாக இருந்தது. ரேணுகாம்பாள் பதினொரு வருஷமாகத் தன் பிள்ளையைத் தானே கொன்றதாக நம்பிக்கொண்டு பெருக்கினாள், துடைத்தாள், சிரித்தாள், பின்னினாள். அப்படிப்பட்டவளிடம் போய் இன்னொருத்தியின் பிறக்காத குழந்தைக்குச் சட்டையை முடி என்றால் எப்படி முடிப்பாள்?

தீபத்துக்கு மறுநாள் இங்கரம்மா நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். தனம் முறத்தில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் சட்டையை ஊசியோடு எடுத்து வந்து நீட்டினாள்.

"ஏன் மூடலை? என் மேல கோபமா?"

"இல்லிங்க இங்கரம்மா. நீங்களே மூடிக்கோங்க. என் கை ஆவாது."

"நல்ல கை. என்ன ஆச்சு?"

ரேணுகாம்பாள் மாமியாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒரு பொண்ணு செத்துப் பொறந்துச்சி. பொறக்கறதுக்கு முன்னாடியே நான் சட்டை தெச்சேன். அதான் போயிடுச்சி. உங்க பேரப்புள்ளைக்கும் அப்படி ஆயிடுச்சின்னா என்னால தாங்க முடியாது."

முறத்தில் மல்லாட்டை உடையும் சத்தம் நின்றது. இங்கரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரேணு, என் பொண்ணுக்கு முன்னாடி எனக்கு ஒரு பையன். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. நான் அவனுக்கு ஒண்ணுமே பின்னலை. ஒரு தொப்பிகூட இல்லை. அப்புறம் பின்னலாம், நாள் இருக்குன்னு இருந்தேன். அவனும் செத்துத்தான் பொறந்தான். ஆஸ்பத்திரித் துணியில சுத்திக் கொடுத்தாங்க. அவனுக்குன்னு ஒரு துணி இல்லாம போனான்." தேடித் தேடித் தமிழை எடுத்தாள். "நீ தெச்சே, போச்சு. நான் தெக்கலை, போச்சு. இதுல சட்டை எங்க வந்துச்சு?"

அப்படி ஒரு கணக்கு இருக்கக்கூடும் என்று பதினொரு வருஷத்தில் ரேணுகாம்பாளுக்குத் தோன்றியதே இல்லை. இருவரும் அழுதார்கள். ஒருத்தி முந்தானையால் துடைத்தாள், இன்னொருத்தி அந்தப் பால்நிற நூல் உருண்டையாலேயே துடைத்துக்கொண்டாள்.

அழுது முடித்த இங்கரம்மா ஒரு சிவப்பு நூலை எடுத்து, கழுத்துக் கண்ணிகள் எல்லாவற்றையும் ஊசியிலிருந்து அதற்கு மாற்றி முடிச்சுப் போட்டாள். "இப்போ இது சட்டை இல்லை, வெறும் நூல். உன் பயத்துக்கு மரியாதை. இப்படியே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். குழந்தை அழுற சத்தம் கேட்டப்புறம் நான் மூடறேன். சரியா?" வாழ்க்கையில் முதல் தடவையாக இங்கரம்மா ஒரு விஷயத்துக்கு மரியாதை கொடுத்தாள் என்று ராமதாஸ் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அவள் போன பிறகு வீட்டில் ஒரு மாற்றம். தனம் வாசலை விட்டு நகர்வதில்லை. தை பிறந்ததிலிருந்து தபால்காரரைப் பார்த்தால் போதும், "ஃபாரின் கடுதாசி வந்துச்சா?" என்று மறித்தாள். பிள்ளையாரப்பனுக்கு ஒரு தேங்காயைத் துணியில் முடிந்து வைத்திருந்ததைப் பலராமன்தான் பார்த்துச் சொன்னான். யாருக்கு வேண்டுதல் என்று கேட்டால், "போடா, வேலையைப் பாரு," என்று எரிந்து விழுந்தாளாம்.

கடிதம் விடுதி முகவரிக்குத்தான் வந்தது. ராமதாஸ் இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொன்னார். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்து அழுகுரல் கேட்டதும் கழுத்தை மூடினேன், அவசரத்தில் இரண்டு கண்ணி கோணல், நீ மன்னிக்க வேண்டும். என் பெண் சொல்கிறாள், அடுத்த குழந்தை வரும்போது இந்தக் கடைசி வரிசையைப் பிரித்துச் சிவப்பு நூலில் கோத்து வைத்துக் காத்திருப்போம் என்று. இனி எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். கூடவே ஒரு போட்டோ. நெஞ்சில் கை முறுக்கோடு, முகமெல்லாம் சிவந்து, ஊரையே திட்டுவதுபோல வாயைப் பிளந்து அழும் குழந்தை.

ரேணுகாம்பாள் போட்டோவை மாமியாரிடம் கொடுத்தாள். தனம் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"அந்த மஞ்ச சட்டையைக் கொளுத்திட்டியா?"

ரேணுகாம்பாளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "இல்ல அத்தை."

"எடுத்துக்கினு வா."

பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தாள். மடிப்பு ஓரங்களில் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. தனம் மடியில் விரித்து நீவினாள், திருப்பிப் பார்த்தாள், முதுகுப்பக்கம் விரலை ஓட்டினாள்.

"பொத்தான் எங்கடி?"

"வெக்கல அத்தை. நீங்க திட்டனிங்களே, அன்னிக்கே நிறுத்திட்டேன். பொத்தான் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சி."

தனத்தின் வாய் கோணிக்கொண்டது. "அப்ப நீ முடிக்கவே இல்லியா?"

"இல்ல."

"சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் இருந்தே. நான்தான் கேக்காம பேசிட்டேன்." கிழவி மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு அன்னிக்கி அழக்கூடத் தெரியலடி ரேணு. யாரையாச்சும் ரெண்டு வார்த்தை சொல்லணும்போல இருந்துச்சி. நீதான் பக்கத்துல படுத்திருந்தே. நீ தெச்சதால ஒண்ணும் போவல. கேட்டியா? போவல."

ரேணுகாம்பாள் கேட்டாள். பதினொரு வருஷமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்பது, கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மாமியாரின் மடியிலேயே, அந்தச் சட்டையின் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தனம் அவள் தோளைத் தட்டினாள். "எழுந்திரு. அவன் பழைய சட்டையில இருந்து ஒரு பொத்தான் பிச்சிக்கினு வா. அவளுக்குன்னு ஒரு துணி, முழுசா இருக்கட்டும்."

கொடியில் கிடந்த பலராமன் சட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தான் வந்தது. தனத்துக்குக் கண் சரியாகத் தெரியாது. ரேணுகாம்பாள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.