மோட்டார் அறையில் விழுந்த இடி

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருப்பது ஒரு பழைய அடுக்குமாடி. மேல்மாடியில் என் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவார். சர்க்கரை நோய் அவருடைய ஒரு காலை எடுத்துவிட்டது. பிறகு சிறுநீரகத்தையும் கெடுத்துவிட்டது. டயாலிசிஸ் நாட்களில் நான்தான் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, லிஃப்டில் இறங்கி, அடுத்த தெருவிலிருந்த மையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். வழியில் பூக்கடைக்காரியிடம் வம்பு பேசாமல் நகர விடமாட்டார். வாரத்தில் அவர் வெளியுலகத்தைப் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

ஒரு நாள் பிற்பகல் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திடீரென்று தலைக்கு மேலேயே ஏதோ வெடித்ததுபோல் சத்தம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. விளக்கு ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தது.

"நம்ம கூரையிலதான் இடி விழுந்துச்சு லா," என்றார் அக்கா, நெஞ்சில் கை வைத்தபடி.

வெளியே போய்ப் பார்த்தேன். மாடி நடையெங்கும் கருகிய நெடி. லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன்; அசையவில்லை.

முந்தைய ஆண்டு ஓர் இடியில் பல வீடுகளின் டிவி கருகியதால், குடியிருப்போர் சங்கத் தலைவர் தரைத்தளத்து மெயின் சுவிட்ச் அறையில் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தியிருந்தார். மின்சாரம் திடீரென்று எகிறினால் அதைப் பூமிக்குள் இறக்கிவிடும் சாதனம் அது. இனிமேல் கவலையில்லை என்று எல்லோரும் நம்பியிருந்தோம். அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே இருந்தது. லிஃப்ட் மட்டும் செத்துக் கிடந்தது.

மறுநாள் டயாலிசிஸ். கீழ்வீட்டு ஆண்கள் சிலர் அக்காவை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். ஒரு திருப்பத்தில் ஒருவருக்குப் பிடி நழுவி நாற்காலி சாய்ந்தது. அக்கா அலறிவிட்டார். விழவில்லை. ஆனால் பூக்கடையைத் தாண்டும்போது அவர் தலை நிமிரவில்லை.

"பீரோ தூக்குற மாதிரி தூக்குறாங்க டீச்சர்," என்றார்.

ஷா ஆலமிலிருந்து லிஃப்ட் எஞ்சினியர் வந்தார். தலைவரோடு நானும் மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கேதான் லிஃப்டின் மோட்டார் அறை. கதவைத் திறந்ததும் கருகிய நெடி முகத்தில் அடித்தது. கட்டுப்பாட்டுப் பலகை கறுத்துப் போயிருந்தது.

"கீழதான் புரொடெக்டர் வச்சிருக்கோமே?" என்றார் தலைவர்.

"கீழ வச்சது தப்பில்ல அங்கிள். வெளிய இருந்து மெயின் கேபிள்ல வர்ற அடிக்கு அது வேணும். ஆனா இது கூரையில விழுந்திருக்கு. லிஃப்ட் போர்டும் இங்கதான் இருக்கு. கீழ போறதுக்கு முன்னாடியே போர்ட சுட்டுருச்சு. அவ்ளோ கேபிள் தள்ளி இருக்கறது இத எப்படிக் காப்பாத்தும்?"

"அப்ப எங்க வைக்கணும்?" என்று கேட்டேன்.

"கீழ ஒன்னு, இந்தப் போர்டுக்குப் பக்கத்துலயே இன்னொன்னு. எர்த் வயர் சுத்தி வளைச்சுப் போகாம குட்டையா இருக்கணும். கேமரா வயர், இண்டர்காம் வயர் எல்லாம் கூரை வழியா வருது பாருங்க ஆன்டி, அதுக்கும் தனியா வைக்கணும்."

"மேல இருந்து வரும்னு நாங்க யோசிக்கவே இல்லையே," என்றார் தலைவர். யாருக்கும் அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. புதுப் பலகை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டு எஞ்சினியர் போய்விட்டார்.

தூக்க வந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்குப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. அக்காவுக்கும் அவர்களைக் கூப்பிடக் கூச்சம். ஒரு முறை, "இன்னிக்கு வேணாம் டீச்சர், உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றார். நான் கெஞ்சியும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை நான் போனபோது முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டிப் படியிறக்கினார்கள்.

உயிர் பிழைத்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பவில்லை. டெங்கிலில் இருக்கும் அவர் மகள், தரைவீடுதான் வசதி என்று அங்கேயே கூட்டிப் போய்விட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

லிஃப்ட் சரியான அன்று போன் செய்தேன். மோட்டார் அறையிலும் புரொடெக்டர் வைத்துவிட்டார்கள் என்றேன்.

"நல்லது லா," என்றார். பிறகு, "இனிமே என்னைக் கொண்டாந்து விடச் சொன்னா மக வருத்தப்படுவா," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெங்கிலுக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் செம்பனை மரங்கள் வரிசையாக நின்றன. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கப் பேச ஆளில்லை என்றார் அக்கா. நான் புறப்பட்டபோது என் கையை விடவே இல்லை. "அடுத்த மாசம் வரேன் அக்கா," என்று சொல்லித்தான் விடுவித்துக்கொண்டேன்.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். அப்போது நான் பாசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். மீன்காரர் என்னைப் பார்த்து, "என்னா வேணும் ஆன்டி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.